முடிவற்ற விற்பனை: வீடியோ கேம் வணிகமுறைகள் குறித்த ஒரு மதிப்பீடு

வீடியோ கேம் துறையில் 2000-களின் நடுப்பகுதிக்குப் பிறகு பரவிய வணிகமுறைகள் அந்தத் துறைக்கே தீங்கு செய்கின்றனவா என்பது நெடுநாளாக விவாதிக்கப்படும் கேள்வி. விளையாட்டுக்குள்ளேயே சிறு தொகைக்குப் பொருள்களை விற்கும் நுண்பரிவர்த்தனை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும் லூட் பாக்ஸ், குறித்த நாளுக்குள் ஆடி முடித்தால் பரிசுகள் தரும் பேட்டில் பாஸ், ஆண்டுக்கணக்கில் புதிய பகுதிகளைச் சேர்த்துப் பணம் ஈட்டும் லைவ் சர்வீஸ் விளையாட்டு ஆகியவை இவ்வணிகமுறைகளில் முதன்மையானவை.

இவற்றால் பெரிய நிறுவனங்களின் வருமானம் பெருகியது என்பதில் ஐயமில்லை. அந்த வருமானம் எந்த வழியில் வந்தது, அதற்கு ஈடாகத் துறை எதை இழந்தது என்பதே மதிப்பிட வேண்டியது. முன்பு ஒரு விளையாட்டைக் கடையில் வாங்கியதும் விற்பனை முடிந்துவிடும். இன்று பெரும்பாலான பெரிய விளையாட்டுகளில் வாங்கிய பிறகே விற்பனை தொடங்குகிறது. விற்பனை முடியக்கூடாது என்றால் விளையாட்டும் முடியக்கூடாது. இந்தக் கட்டாயம் விளையாட்டின் வடிவமைப்பையும், அதை உருவாக்குவோரின் வேலையையும், வாங்கியவரின் உரிமையையும் மாற்றியிருக்கிறது.

நாணயப் பெட்டியும் கேட்ரிட்ஜும்

விளையாடும்போது பணம் கேட்பது புதிய வழக்கம் அன்று. 1970-களிலும் 1980-களிலும் ஆர்கேட் கூடங்களில் இருந்த இயந்திரங்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நாணயம் கேட்டன. ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும் என்பதற்காகவே பல விளையாட்டுகள் கடினமாக அமைக்கப்பட்டன. வணிகத் தேவை வடிவமைப்பைத் தீர்மானிப்பது அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அந்த முறைக்கு இயல்பான எல்லைகள் இருந்தன. ஒரு நாணயத்துக்கு ஓர் ஆட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். பையில் இருந்த நாணயம் தீர்ந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டில் வைத்து ஆடும் கன்சோல் வந்தபோது கணக்கு மாறியது. கேட்ரிட்ஜுக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். அதன் பிறகு எத்தனை முறை ஆடினாலும் செலவில்லை. நல்ல விளையாட்டைக் கொடுத்தவரிடம் வாங்குபவர் மறுபடியும் வருவார் என்பதே விற்பவருக்கான ஊக்கம். அந்த ஏற்பாடு நம்பிக்கையின் மீது நின்றது. நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நேர்ந்த வீழ்ச்சி சான்று. அடாரி கன்சோலுக்கு யார் வேண்டுமானாலும் கேட்ரிட்ஜ் செய்து விற்கலாம் என்ற நிலையில் தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. 1982 இறுதியில் வந்த 'இ.டி.' விளையாட்டு கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிப்பதற்காகச் சுமார் 5 வாரங்களில் உருவாக்கப்பட்டது. விற்காமல் தேங்கிய கேட்ரிட்ஜுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைக் கிடங்கில் அடாரி புதைத்தது. 2014-இல் அவற்றில் ஒரு பகுதி தோண்டி எடுக்கப்பட்டது. 1983-இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வீட்டு வீடியோ கேம் வருமானம் 1985-இல் சுமார் 10 கோடி டாலராகச் சரிந்தது என்று கணிக்கப்படுகிறது.

1985-இல் நின்டெண்டோ தனது கன்சோலை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியபோது, அனுமதி பெறாத கேட்ரிட்ஜுகளைத் தடுக்கும் சில்லு அதில் இருந்தது. வெளி நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 5 விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. இது நின்டெண்டோவுக்கு அளவுமீறிய அதிகாரத்தைத் தந்தது என்ற குறை உண்டு. ஆயினும் விலை கொடுத்தால் ஆடத்தக்க பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கையை அது மீட்டது.

குதிரைக் கவசம்

கன்சோல்கள் இணையத்தோடும் கடன் அட்டையோடும் இணைந்தபின் விற்பனையின் இயல்பு மீண்டும் மாறியது. 2006 ஏப்ரலில் பெதெஸ்டா நிறுவனம் 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஒப்லிவியன்' விளையாட்டுக்கு ஒரு சிறு சேர்க்கையை வெளியிட்டது. கதைநாயகனின் குதிரைக்குக் கவசம் அணிவிக்கலாம்; விலை எக்ஸ்பாக்ஸ் கடையில் 200 மைக்ரோசாஃப்ட் புள்ளிகள், அதாவது 2.50 டாலர். இதைப் பலரும் எள்ளி நகையாடினர். பலர் வாங்கவும் செய்தனர். பின்னால் வந்த அனைத்துக்கும் வித்தாக இது அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. விலை நேரடியாக டாலரில் இல்லாமல் புள்ளிகளில் சொல்லப்பட்டதும் கவனிக்கத்தக்கது.

2009-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தன் ஃபிஃபா கால்பந்து விளையாட்டில் 'அல்டிமேட் டீம்' என்ற பகுதியைச் சேர்த்தது. ஆடுபவர் கால்பந்து வீரர்களின் அட்டைகள் கொண்ட பொதிகளை வாங்கித் தன் அணியை அமைக்க வேண்டும். பொதிக்குள் யார் இருப்பார் என்பது திறந்த பிறகே தெரியும். அடுத்த ஆண்டு புதிய பதிப்பு வரும்போது பழைய அட்டைகள் அதில் செல்லாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், தன் எல்லா விளையாட்டுகளின் அல்டிமேட் டீம் பகுதிகளிலிருந்தும் அந்நிறுவனம் ஈட்டியது 162 கோடி டாலர். இது அதன் மொத்த வருமானத்தில் 29 விழுக்காடு. இதில் பெரும்பங்கு ஃபிஃபாவிலிருந்து வந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் நடந்த விற்பனை இது.

லூட் பாக்ஸ்

லூட் பாக்ஸின் மூலம் ஜப்பானியக் கடைத்தெருக்களில் உள்ள காஷபோன் இயந்திரம். நாணயம் போட்டுத் திருகினால் பொம்மை அடங்கிய உருண்டை ஒன்று விழும். எந்தப் பொம்மை என்று முன்கூட்டித் தெரியாது. 2004-இல் 'மேப்பிள்ஸ்டோரி' என்ற இணைய விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பு இதைத் திரைக்குள் கொண்டுவந்தது. பின்னர் ஜப்பானியக் கைப்பேசி விளையாட்டுகளில் இது 'காச்சா' என்ற பெயரில் பரவியது. குறிப்பிட்ட சில பொருள்கள் முழுத் தொகுப்பாகச் சேர்ந்தால் மட்டுமே அரிய பரிசு கிடைக்கும் 'கம்ப்பு காச்சா' முறையை 2012 மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை சட்டவிரோதம் என அறிவித்தது. தொகுப்பு நிறைவடைய நிறைவடைய, எஞ்சிய ஒரு பொருள் கிடைப்பதற்கான வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் அதுவரை செலவழித்தவருக்கு நிறுத்த மனம் வராது. தடைக்கு அடிப்படையாக இருந்தது இந்தக் கண்ணிதான்.

மேற்கத்திய நாடுகளில் இந்த விவாதம் உச்சத்தை எட்டியது 2017 நவம்பரில். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிடவிருந்த 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' விளையாட்டில் சண்டைத் திறனைக் கூட்டும் அட்டைகள் லூட் பாக்ஸ் வழியே கிடைத்தன. டார்த் வேடர் போன்ற புகழ்பெற்ற பாத்திரமாக ஆட 60,000 புள்ளிகள் தேவைப்பட்டன. ஒரு பாத்திரத்துக்கு ஏறத்தாழ 40 மணிநேரம் ஆட வேண்டும் என்று ஆடுபவர்கள் கணக்கிட்டனர். இதற்கு நிறுவனம் இணையத்தில் அளித்த விளக்கம் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு வாக்குகளைப் பெற்று கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது. புள்ளிகள் 75 விழுக்காடு குறைக்கப்பட்டன. அதுவும் போதாமல், வெளியீட்டுக்கு முந்தைய நாள் விளையாட்டுக்குள் பணம் செலுத்தும் வசதியே நிறுத்தப்பட்டது. 2018-இல் அது திரும்பியபோது தோற்ற அலங்காரங்களை மட்டுமே விற்றது.

அரசுகளின் பார்வை ஒன்றுபோல் இல்லை. சீனா 2017 மே முதல் பரிசுகளின் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுமாறு கட்டாயப்படுத்தியது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் 'ஃபிஃபா 18', 'ஓவர்வாட்ச்', 'கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் ஆஃபென்சிவ்' ஆகியவற்றின் லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக அறிவித்தது. நெதர்லாந்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு 1 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது; 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை நீக்கியது. பரிசைப் பணமாக மாற்ற முறையான வழியில்லை என்றால் அது சட்டப்படி சூதாட்டமாகாது என்பது பிரித்தானியச் சூதாட்ட ஆணையத்தின் நிலைப்பாடு.

சட்டத்தின் பெயர் எதுவானாலும் ஈர்ப்பின் இயல்பு மாறுவதில்லை. டேவிட் செண்டில், பால் கெய்ர்ன்ஸ் இருவரும் 7,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், லூட் பாக்ஸுக்குச் செலவழிக்கும் தொகைக்கும் சூதாட்டச் சிக்கலின் கடுமைக்கும் தொடர்பு காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. லூட் பாக்ஸ் சூதாட்டப் பழக்கத்தை உண்டாக்கலாம். ஏற்கெனவே அப்பழக்கம் உள்ளவரை அது ஈர்க்கலாம். இரண்டில் எது உண்மையானாலும், விற்பனையின் கணிசமான பகுதி தன்னைக் கட்டுப்படுத்த இயலாதவர்களிடமிருந்து வருகிறது என்ற கவலை எஞ்சுகிறது.

சலிப்பை உருவாக்கி விற்பது

விமர்சகர்கள் பணத்தைப் பற்றியே அதிகம் பேசினாலும், ஆழமான பாதிப்பு வடிவமைப்பில்தான் நிகழ்கிறது. ஒரு தடையைக் கடக்கும் வழியைக் காசுக்கு விற்க வேண்டுமென்றால் முதலில் அந்தத் தடை எரிச்சலூட்டுவதாக இருக்க வேண்டும். மகிழ்ச்சியாக ஆடிக் கடக்கக்கூடிய இடத்தைத் தாண்டிச் செல்ல யாரும் பணம் தர மாட்டார்கள். ஆகவே சலிப்பும் காத்திருப்பும் விற்பனைச் சரக்குகளாகின்றன.

இதை உருவாக்குநர்களே ஏற்றுக்கொண்ட எடுத்துக்காட்டு உண்டு. 2017 அக்டோபரில் வந்த 'மிடில்-எர்த்: ஷேடோ ஆஃப் வார்' விளையாட்டின் சிறப்பு, ஆடுபவரை நினைவில் வைத்துப் பழிவாங்கத் திரும்பிவரும் ஓர்க் படைத்தலைவர்கள். அந்தப் பகைகளும் உறவுகளும் ஆட்டத்தின் போக்கில் உருவாக வேண்டியவை. ஆனால் நல்ல படைத்தலைவர்களைப் பணம் கொடுத்து வாங்கும் சந்தையும் விளையாட்டில் இருந்தது. இறுதிப் பகுதியோ ஒரே வகைப் போர்களை நீண்டநேரம் திரும்பத் திரும்ப ஆடக் கேட்டது. சில மாதங்களுக்குப் பிறகு, இந்தச் சந்தை விளையாட்டின் உயிர்நாடியையே குலைக்கக்கூடும் என்று உருவாக்கிய மோனோலித் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2018 ஜூலையில் சந்தை அகற்றப்பட்டது. இறுதிப் பகுதியும் சுருக்கித் திருத்தப்பட்டது.

2017-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட ஒரு காப்புரிமை இன்னொரு எடுத்துக்காட்டு. புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்த ஆட்டக்காரருடன் மோதவிட்டு, தேர்ந்தவர் வைத்திருக்கும் ஆயுதத்தை வாங்கும் ஆசையை உண்டாக்கலாம் என்று அதில் விவரிக்கப்பட்டிருந்தது. அதை எந்த விளையாட்டிலும் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் கூறியது. பயன்படுத்தாவிட்டாலும் சிந்தனையின் திசை தெளிவாகிறது. யாரோடு யார் ஆட வேண்டும் என்பதைக்கூட ஆட்டத்தின் நியாயத்தை விட்டு விற்பனையின் தேவை தீர்மானிக்கலாம் என்று எண்ணப்பட்டிருக்கிறது.

விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் நாணயங்களும் இதே நோக்கில் அமைகின்றன. பொருளின் விலை ரூபாயிலோ டாலரிலோ தெரியாது. நாணயம் விற்கப்படும் கட்டுகளின் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் பொருந்துவதில்லை; மிச்சம் விழும். அந்த மிச்சத்தைப் பயன்படுத்த இன்னொரு கட்டு வாங்க வேண்டும். 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ், அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் 52 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. இதில் 27.5 கோடி குழந்தைகளின் தனியுரிமை மீறலுக்கான தண்டம். 24.5 கோடி, குழப்பும் பொத்தான் அமைப்பால் விரும்பாமலே வாங்கியவர்களுக்கும், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் குழந்தைகள் வாங்கிய கணக்குகளுக்கும் திருப்பித் தர வேண்டிய தொகை.

லைவ் சர்வீஸ் பந்தயம்

ஃபோர்ட்நைட் இலவச விளையாட்டாகவே பெரும் வருமானம் ஈட்டியதைக் கண்டு, மற்ற நிறுவனங்களும் அப்படியொன்றை உருவாக்க முனைந்தன. சோனி 2022 பிப்ரவரியில், நான்கு ஆண்டுகளுக்குள் 10-க்கும் மேற்பட்ட லைவ் சர்வீஸ் விளையாட்டுகளை வெளியிடப்போவதாகச் சொன்னது. இந்தத் திட்டங்களில் ஓர் எளிய கணக்கு விடுபட்டது. புத்தகத்தைப் போல ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடிய விளையாட்டுகள் பல ஒன்றாக வாழலாம். ஒவ்வொரு நாளும் திரும்பி வரச் சொல்லும் விளையாட்டுகள் அப்படி வாழ முடியாது. ஒருவருக்கு நாளில் இருப்பது 24 மணிநேரம்தான். ஏற்கெனவே ஒன்றில் நண்பர்களையும் சேமிப்பையும் வைத்திருப்பவர் எளிதில் வேறிடம் போவதில்லை.

சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று திரும்பப் பெறப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது; அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டுடியோ அக்டோபரில் மூடப்பட்டது. ராக்ஸ்டெடி நிறுவனம் 'பேட்மேன்: ஆர்க்கம்' வரிசையால் புகழ்பெற்றது. அது 2024-இல் வெளியிட்ட 'சூசைட் ஸ்குவாட்' லைவ் சர்வீஸ் விளையாட்டால் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி 20 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் காட்டியது. கதை சொல்வதில் பெயர்பெற்ற பயோவேர் 2019-இல் வெளியிட்ட 'ஆந்தெம்' விளையாட்டும் எதிர்பார்த்த இடத்தை எட்டவில்லை. மூன்றிலும் இழந்தது பணம் மட்டும் அன்று. ராக்ஸ்டெடியும் பயோவேரும் தமக்குக் கைவந்த கலையை விட்டு, கைவராத ஒன்றில் பல ஆண்டுகளைச் செலவிட்டன.

தோல்வியின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் முடிவெடுத்தவர் அல்லர். மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. 2024 ஜனவரியில் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. பிப்ரவரியில் சோனி சுமார் 900 பேரை நீக்கியது. மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் மூடிய ஸ்டுடியோக்களில் ஒன்று டாங்கோ கேம்வொர்க்ஸ். அது முந்தைய ஆண்டு வெளியிட்ட 'ஹை-ஃபை ரஷ்' பரவலாகப் பாராட்டப்பட்ட விளையாட்டு. பின்னர் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அந்த ஸ்டுடியோவை ஏற்றெடுத்தது. இந்தப் பணிநீக்கங்கள் அனைத்துக்கும் லைவ் சர்வீஸே காரணம் என்று சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் தேவை திடீரெனப் பெருகியபோது அளவுமீறி ஆளெடுத்தது, வட்டி விகித உயர்வு, நிறுவன இணைப்புகள் ஆகியவையும் காரணங்கள். ஆனால் ஒரே வகைப் பெரும் பந்தயத்தில் எல்லோரும் பணம் கட்டியதால், பந்தயம் தோற்றபோது தாங்கிக்கொள்ள வேறு தூண்கள் குறைவாக இருந்தன.

வாங்கியும் சொந்தமாகாதவை

விற்பனை முடியாமல் தொடர வேண்டுமானால் விளையாட்டு நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். சர்வரை அணைத்தால் விளையாட்டும் அணைந்துவிடும். 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' கார்ப் பந்தய விளையாட்டைத் தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு தேவைப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. வட்டில் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் அது பயன்படாமல் போனது.

இதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்பது அதன் கோரிக்கை. என்றென்றும் சர்வர் நடத்த வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் குடிமக்கள் முன்னெடுப்பு 2025-இல் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைப் பெற்றது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், மின்வணிகத்தில் விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

தமிழ் இளைஞர்களுக்கும் இந்த அனுபவம் அந்நியமானதன்று. 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடைசெய்தது; அக்டோபர் இறுதியில் இந்தியாவில் அதன் சேவை முற்றிலும் நின்றது. பணம் கொடுத்துச் சேர்த்த உடைகளும் ஆயுதத் தோற்றங்களும் கைக்கு எட்டாமல் போயின. 2021-இல் வந்த இந்தியப் பதிப்புக்குப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி தரப்பட்டது. ஆனாலும் அந்தப் பொருள்கள் நிறுவனமும் அரசும் அனுமதிக்கும் வரைதான் ஒருவரிடம் இருக்கும் என்பது அப்போது பலருக்கும் விளங்கியது.

இதில் பண்பாட்டு இழப்பும் உண்டு. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை. அவற்றின் கேட்ரிட்ஜுகளாவது எங்கோ ஒரு பரணில் கிடக்கலாம். சர்வரில் மட்டும் வாழ்ந்த விளையாட்டுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

நிறுவனங்களின் தரப்பு

இந்த வணிகமுறைகளுக்கு ஆதரவான வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. முதலாவது, செலவு. அமெரிக்காவில் பெரிய விளையாட்டின் விலை 2000-களின் நடுப்பகுதியிலிருந்து 2020 வரை 60 டாலராகவே நின்றது. அதே காலத்தில் உருவாக்கும் செலவு பன்மடங்கானது. 2023-இல் ஒரு வழக்கில் வெளிப்பட்ட சோனி ஆவணங்களின்படி 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' விளையாட்டுக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். இந்த இடைவெளியை ஏதோ ஒரு வழியில் நிரப்பத்தான் வேண்டும்.

இரண்டாவது, இலவச விளையாட்டுகள் கதவைத் திறந்துவிட்டன என்பது. கன்சோலும் 60 டாலர் விளையாட்டும் வாங்க இயலாத கோடிக்கணக்கானோர் இன்று கைப்பேசியில் ஆடுகிறார்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மாணவர் உலகின் மறுகோடியில் இருப்பவரோடு காசில்லாமல் ஆட முடிவது இந்த முறையால்தான். மூன்றாவது, விருப்பமுள்ளவர் மட்டுமே வாங்குகிறார் என்பது. 'வார்ஃபிரேம்' போன்ற இலவச விளையாட்டுகள் 10 ஆண்டுகளுக்கு மேலாக ஆடுபவர்களின் நன்மதிப்போடு நடந்துவருகின்றன.

இவற்றில் இரண்டாவது வாதமே வலுவானது. ஆனால் அது இலவச விளையாட்டுக்குத்தான் பொருந்தும்; முழு விலைக்கு விற்ற விளையாட்டுக்குள் மறுபடி கடை விரிப்பதை நியாயப்படுத்தாது. இலவச விளையாட்டிலும் பெரும்பாலோர் எதுவும் செலவழிப்பதில்லை. வருமானத்தின் பெரும்பகுதி சிறு கூட்டத்தினரிடமிருந்தே வருகிறது. துறைக்குள் அவர்களுக்குத் 'திமிங்கிலம்' என்று பெயர். ஆகப் பலருடைய இலவச ஆட்டம் சிலருடைய மட்டற்ற செலவில் நடக்கிறது. அந்தச் சிலர் வசதி படைத்தவர்கள் என்றால் சிக்கலில்லை. பழக்கத்துக்கு அடிமையானவர்களோ, பெற்றோரின் அட்டையைப் பயன்படுத்தும் சிறுவர்களோ என்றால் 'விருப்பம்' என்ற சொல் பொருளிழக்கிறது.

செலவு பற்றிய வாதத்துக்கும் மறுபக்கம் இருக்கிறது. லேரியன் ஸ்டுடியோஸ் 2023-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' பெருஞ்செலவில் உருவானது. விளையாட்டுக்குள் எந்த விற்பனையும் இல்லாமலே அது பெருவெற்றி பெற்றது. 2022-இல் வந்த 'எல்டன் ரிங்' ஓராண்டுக்குள் 2 கோடி பிரதிகள் விற்றது. எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'க்கு, ஒருமுறை வாங்கியவர்கள் அனைவருக்கும் இன்றுவரை புதிய பகுதிகள் இலவசமாகவே வந்துள்ளன. இவற்றை எல்லோராலும் திரும்பச் செய்ய முடியாது என்பது உண்மைதான். கான்கார்டையும் ஃபோர்ட்நைட் ஆக்க முடியவில்லை. முழுமையான ஒரு விளையாட்டை ஒருமுறை விற்கும் முறை காலாவதியாகிவிட்டது என்ற கூற்றுக்கு இவை போதுமான மறுப்பு.

மதிப்பீடு

1983 போன்ற ஒரு வீழ்ச்சி மீண்டும் வரும் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. அன்று ஒரு நாட்டின் வீட்டுக் கன்சோல் சந்தை சரிந்தது. இன்றைய துறை கைப்பேசி, கணினி, கன்சோல் என்று உலகெங்கும் பரவியிருக்கிறது. வருமானக் கணக்கை மட்டும் பார்த்தால் நோய் தெரியாது. 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் வருமானத்தில் சுமார் 73 விழுக்காடு லைவ் சர்வீஸ் சார்ந்த வகையிலிருந்து வந்தது. பங்குதாரர் பார்வையில் இது வெற்றிதான்.

ஆனால் துறை என்பது அதன் வருமானம் மட்டுமன்று. தனக்குத் தெரிந்த கலையைச் செய்ய முடியாமல் போன ஸ்டுடியோக்களும், பாராட்டுப் பெற்ற மறு ஆண்டே வேலையிழந்த கலைஞர்களும், அணைக்கப்பட்ட சர்வரோடு மறைந்த படைப்புகளும் அதே துறையின் கணக்கில் சேர வேண்டியவை. இவை ஆண்டறிக்கையில் இடம்பெறுவதில்லை. இந்தப் பொருளில், தற்போதைய வணிகமுறைகள் துறைக்குத் தீங்கு செய்கின்றன என்ற முடிவுக்கே சான்றுகள் இட்டுச்செல்கின்றன. நுண்பரிவர்த்தனை அனைத்தும் தீயது என்பது இதன் பொருளன்று. விலை தெரிந்து, கிடைப்பது தெரிந்து, தோற்றத்துக்காக வாங்கும் ஓர் உடையால் யாருக்கும் கேடில்லை. மறைக்கப்பட்ட விலை, தற்செயலை விற்பது, முடிவே இல்லாத ஆட்டம், திரும்பப் பெறக்கூடிய உடைமை ஆகியவையே கேடு விளைவிப்பவை.

திருத்தங்கள் கடினமானவை அல்ல. விலையை உண்மையான பணத்தில் காட்டுதல், வாய்ப்பு விகிதத்தை வெளியிடுதல், சிறுவருக்கு லூட் பாக்ஸ் விற்காதிருத்தல், சர்வரை நிறுத்தும் முன் ஆடத்தக்க பதிப்பை விட்டுச்செல்லுதல் ஆகியவற்றில் பல ஏற்கெனவே ஏதோ ஒரு நாட்டில் நடைமுறையாகவோ கோரிக்கையாகவோ உள்ளன. பேட்டில்ஃப்ரண்ட் 2, ஷேடோ ஆஃப் வார் இரண்டிலும் விற்பனைப் பகுதியை அகற்றிய பிறகும் விளையாட்டு நின்றது. மேம்பட்டது என்றே பலரும் கருதினர். வாங்குபவர் மறுத்தால் நிறுவனங்கள் திருத்திக்கொள்ளும் என்பதற்கு அவை இரண்டும் சான்றாக உள்ளன.